அறுபதுக்கு மேல் புது சிநேகம்: கேள்வியும் பதிலும்

அரசு மருத்துவமனை ஒன்றின் முதியோர் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மதுரையில், எங்கள் பகுதி நூலகத்தில் மூத்தவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுவதற்கு ஏற்பாடு செய்கிறேன். வயதான பிறகு புதிதாக நட்பு பிடிப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

மேடம், 36 வருடம் வங்கி வேலை. ஓய்வு பெற்ற முதல் மாதம் தினமும் போன் வந்தது. இப்போது தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம் வருகிறது, அவ்வளவுதான். இத்தனை பேரையும் நண்பர்கள் என்று நினைத்து ஏமாந்துவிட்டேனா? (61, தாம்பரம்)

ஏமாறவில்லை சார். அந்தப் பழக்கம் உண்மையானதுதான். ஆனால் அதைத் தாங்கிப் பிடித்தது கிளை அலுவலகம். ஒரே முகங்களை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், வருடக்கணக்கில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த வேலையை இனி நீங்கள்தான் செய்ய வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 'நல்ல மனிதர் யாராவது கிடைப்பாரா' என்று ஆளைத் தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது நேரத்தையும் இடத்தையும்.

அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஊர் மாறிப் போனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்தது. முகப்பழக்கம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருக்கத்துக்கு 200 மணி நேரத்துக்கு மேல் என்று அவர் கணக்குச் சொல்கிறார். இதில் வேலை பார்த்துக்கொண்டே கழித்த நேரத்துக்கு மதிப்புக் குறைவாம்; சும்மா உட்கார்ந்து பேசியதற்குத்தான் மதிப்பு. நம் ஊருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் வாரம் 2 மணி நேரம் சந்தித்தால் முதல் படிக்கே ஆறு மாதம் ஆகும் என்பது புரிகிறது அல்லவா? 'ரெண்டு தடவை போனேன், ஒட்டலை' என்று விட்டுவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பழைய ஆட்களில் இரண்டு மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கப் போன் செய்ய வேண்டாம். நவம்பரில் எல்லோரும் ஆயுள் சான்று கொடுத்தாக வேண்டும். 'சேர்ந்து போவோம், அப்படியே டிபன் சாப்பிடுவோம்' என்று கூப்பிடுங்கள். காரியம் இருந்தால் ஆண்கள் வந்துவிடுவார்கள்.

அக்கா, பாளையங்கோட்டையில் இருந்து மகனோடு பெரும்பாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடிக்கு வந்துவிட்டேன். லிஃப்டில் சிரிப்பார்கள், உடனே கதவைச் சாத்திக்கொள்வார்கள். நானாகப் பேசினால் 'என்ன வேணும் ஆன்ட்டி?' என்கிறார்கள். (66)

லிஃப்டில் நீங்கள் பார்ப்பது வேலைக்கு ஓடுகிறவர்களை. உங்கள் ஷிஃப்டே வேறு. பிள்ளைகள் பள்ளிக்குப் போய், சமையல் முடிந்த பிறகு பத்தரை மணி வாக்கில் கீழே இறங்கிப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு விளையாடுகிற இடத்தில் பேரப்பிள்ளைகளுக்குக் காவலாக ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். பாதிப் பேர் உங்களைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள். தெலுங்கு, இந்தி, வங்காளி என்று கலந்திருப்பார்கள். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம்; மூட்டு வலியும் மருமகள் பேச்சும் எந்த மொழியிலும் புரிந்துவிடும்.

இன்னொன்று. நம் பெண்கள் பழக நினைத்தால் உடனே பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போய் நிற்பார்கள். வாங்குகிறவருக்கு, கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதே என்ற கவலை வந்துவிடும். அதைவிடச் சின்ன உதவி ஒன்று கேட்பது நல்லது. 'ரவிக்கை தைக்க இங்கே யார் நல்லா தைப்பாங்க?', 'இந்தப் போனில் எழுத்தைப் பெரிசாக்கித் தர்றீங்களா?' உதவி செய்தவர் அடுத்த நாள் தானாகவே நின்று பேசுவார்.

வளாகத்துக்குள்ளேயே முடங்க வேண்டாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021-ல் இருந்து கட்டணம் இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரே கோயில், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கக் கூடாத கேள்வி ஒன்றும் உண்டு. 'நீங்க என்ன ஆளுங்க?' ஊர்ப் பெயரில் தொடங்கி, சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்பார்கள் சிலர். அந்தக் கேள்வி வந்த கணமே எதிரில் இருப்பவர் பாதித் தூரம் போய்விடுவார். உங்களிடம் யாராவது கேட்டால் 'திருநெல்வேலி ஆளுங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

அம்மா, கணவர் இறந்து இரண்டு வருடம். முன்பு நான்கு குடும்பம் சேர்ந்து கோயில், கல்யாணம், கொடைக்கானல் என்று போவோம். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. தனியாகக் கிளம்பினால் 'அதுக்குள்ள கிளம்பிட்டாளா' என்று பேச்சு. (57, கும்பகோணம் அருகே)

உங்களைப் போல எழுதியவர்கள் பலர். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கு குடும்பம். ஜோடி ஜோடியாகப் பழகிய கூட்டத்தில் ஒருவர் தனியானதும் மற்றவர்களுக்கு எப்படி நடந்துகொள்வது என்று தெரிவதில்லை. சிலருக்கு உங்களைப் பார்த்தால் நாளைக்கு நமக்கும் இதுதானே என்ற பயம். சிலரிடம், நேராகவே சொல்லிவிடுகிறேன், நல்ல காரியத்தில் கைம்பெண் முன்னால் நிற்கக் கூடாது என்ற பழைய புத்தி இன்னும் போகவில்லை. அதைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. நான்கு பேரையும் மீட்கப் பார்க்காதீர்கள். அந்தப் பெண்களில் உங்களோடு தனியாகவும் பேசிய ஒருத்தி இருந்திருப்பாள். அவளை மட்டும், அவள் கணவர் வெளியே போகிற வேளையாகப் பார்த்து, ஒரு சின்ன வேலைக்குக் கூப்பிடுங்கள். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும், கூட வா என்றால் போதும்.

அடுத்தது ஊர்ப் பேச்சு. யாரும் 'ஏன் போனாய்' என்று கேட்க முடியாத இடங்களில் தொடங்குவது சுலபம். திருவாசக முற்றோதல், தேவார வகுப்பு, மகளிர் குழு, தையல், நூலகம். உங்கள் பக்கம் கோயிலுக்கா பஞ்சம்? உழவாரப் பணிக் குழுக்கள் விடுமுறை நாளில் ஏதாவது ஒரு பழைய கோயிலுக்குப் போய்ப் புல் செதுக்கி, பிரகாரம் கழுவி, விளக்குத் துலக்கி வருவார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த ஏற்பாடு. கையில் வேலை இருப்பதால் பேச்சுக்கு வலிந்து விஷயம் தேட வேண்டாம். மதியம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்து இலைக்காரி பாதிக் கதையைச் சொல்லியிருப்பாள். நாலு மாதம் விடாமல் போய் வந்தால் ஊருக்கும் பேசி அலுத்துவிடும்.

கணவரை இழந்த இன்னொரு பெண்ணோடு பழகுவது பெரிய பலம். பதினைந்து நிமிடம் விளக்கிச் சொல்ல வேண்டியது அவளுக்கு ஒரு வார்த்தையில் விளங்கும். ஆனால் சந்திக்கும் போதெல்லாம் ஆஸ்பத்திரிக் கதையையே திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டாம். சேர்ந்து செய்ய ஏதாவது வேண்டும், ஒரு நாற்றங்காலோ ஒரு கோலப் புத்தகமோ.

குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு, காப்பீட்டுப் பணம் எங்கே, நகை யாரிடம் என்பதையெல்லாம் புதிதாகப் பழகுகிற யாரிடமும் முதல் ஒரு வருடத்துக்கு வாயைத் திறக்காதீர்கள். சாப்பாடும் தூக்கமும் இன்னும் சரியாகவில்லை என்றால் அதை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

வாட்ஸ்ஆப்பில் பள்ளித் தோழர்கள் குழு, உறவினர் குழு எல்லாம் இருக்கிறது. தினம் 200 செய்தி. இதெல்லாம் நட்புக் கணக்கில் வராதா? (63, சேலம்)

பள்ளித் தோழர்கள் குழு நல்ல வாசல். வாசலிலேயே நின்றால் எப்படி? அதில் ஒருவரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள், மாதம் ஒருவர் என்று. ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கத்துக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது.

பார்க்காமலே நட்பாக இருந்த பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நம் ஊர்தானே? நீங்கள் மணிக்கணக்குச் சொல்கிறீர்களே. (தமிழாசிரியர், 59)

ஐயா, சோழன் வடக்கிருந்த இடத்துக்குப் பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் கிளம்பி வந்து சேர்ந்தார். அதனால்தான் இன்றுவரை பேசுகிறோம். வராமல் இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

கோவை ரேஸ்கோர்ஸில் ஆறு வருடமாகக் காலை நடைக் குழு. பன்னிரண்டு பேர். அரசியல், சர்க்கரை அளவு, பையன் வேலை எல்லாம் பேசுவோம். போன மாதம் பத்து நாள் காய்ச்சல். ஒருவர்கூட விசாரிக்கவில்லை. (69)

மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: வேறு யாராவது வராதபோது நீங்கள் போன் செய்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டு பக்கமும் 'இல்லை'தான். பன்னிரண்டு பேர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் வேறு யாராவது கேட்டிருப்பார்கள் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் கூடுகையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவரை அழைக்க முறை போட்டு ஒருவர் பொறுப்பு. உங்கள் குழுவில் இதை நாளைக்கே சொல்லிப் பாருங்கள்.

இது ஒரு பக்கம். குழு என்பது எத்தனை வருடம் ஆனாலும் குழுவாகவேதான் இருக்கும். அதிலிருந்து ஒருவரைப் பிரித்து எடுத்தால்தான் நண்பர். யாரை என்று எப்படித் தெரியும்? நீங்கள் ஒன்று சொன்னதும் தன் கதைக்குத் தாவாமல் 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்கிறவர் ஒருவர் இருப்பார். அவரை நடைபாதைக்கு வெளியே கொண்டுவாருங்கள். 'வியாழக்கிழமை கண் பரிசோதனை, மருந்து விட்டால் வண்டி ஓட்ட முடியாது, கூட வர்றீங்களா?' ஆண்களுக்கு இதைக் கேட்பதற்குள் உயிர் போய்விடும். பிள்ளையைக் கூடக் கேட்பார்கள், நண்பரைக் கேட்கமாட்டார்கள். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவர் சந்தோஷப்படுவார்.

பேச்சிலும் ஒரு அடி உள்ளே போக வேண்டும். சர்க்கரை 240 என்று சொல்வது செய்தி. அதைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால்தான் எதிரில் இருப்பவரும் தன்னுடையதைச் சொல்வார்.

காது கொஞ்சம் மந்தம். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்துவைக்கிறேன். இப்போது போவதையே நிறுத்திவிட்டேன். (71, திருச்சி)

இதைத் தள்ளிப்போடாதீர்கள் ஐயா. மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2020-ல் கொடுத்த அறிக்கையில், தவிர்க்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது, ஆட்களோடு பழகாமல் ஒதுங்குவதும் இருக்கிறது. முதலாவது இரண்டாவதைக் கொண்டுவருவதை உங்கள் கதையிலேயே பார்க்கிறோம்.

கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கருவி கொடுத்தால் முதல் சில வாரம் தட்டு வைக்கும் ஓசைகூட இடி மாதிரி இருக்கும். அந்த எரிச்சலில்தான் பாதிப் பேர் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். பொறுத்துக்கொண்டால் காது பழகிவிடும். விலை பயமாக இருந்தால், வருமானம் குறைந்த மூத்தவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் (2017-ல் தொடங்கியது) முகாம் நடத்தி இலவசமாகக் கொடுக்கிறார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அதுவரை, சுவருக்கு முதுகு கொடுத்து, மின்விசிறிக்குத் தள்ளி, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். பத்துப் பேர் கூட்டத்தைவிட இரண்டு பேரோடு காபி நல்லது. 'வலது பக்கமா பேசுங்க, இடது வேலை செய்யாது' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பொய்ச் சிரிப்புக்கே வேலை இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான், கணவர் இல்லை. நூலகத்தில் பழக்கமான ஒருவர், 67 வயது. புத்தகம் பற்றி நிறையப் பேசுவோம். மகள் 'ஊர் என்ன சொல்லும்' என்கிறாள். (64)

டீச்சர், உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆனால் மகளின் பயம் ஊரைப் பற்றியது மட்டும்தானா என்று பாருங்கள். அம்மாவை யாராவது ஏமாற்றிவிடுவாரோ என்றும் இருக்கலாம், வீடு யாருக்குப் போகும் என்றும் இருக்கலாம். மகள் வந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் காபிக்குக் கூப்பிடுங்கள். எதிரே உட்கார்ந்து பேசிப் பார்த்தால் பாதிக் கற்பனை கலைந்துவிடும். உங்கள் குடும்பத்தைச் சந்திக்க அவர் தொடர்ந்து மழுப்பினால் மட்டும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

நாளை அது நட்பைத் தாண்டிப் போனாலும் தவறில்லை. அப்போது உயில், சொத்து விஷயங்களைப் பிள்ளைகள் முன்னால் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

யோகா வகுப்பில் மூன்று மாதப் பழக்கம். 40,000 கைமாற்று கேட்கிறார். மறுத்தால் நட்புப் போய்விடுமோ? (65, வேலூர்)

போனால் போகட்டும். மூன்று மாதத்தில் 40,000 கேட்கிறவர் உங்களிடம் மட்டும் கேட்டிருக்க மாட்டார். 'பணம் எல்லாம் டெபாசிட்டில் கிடக்கிறது, எடுப்பதாக இல்லை' என்று ஒரே வரியில் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் பேரம் ஆகிவிடும். சீட்டு, ஆள் சேர்க்கும் வியாபாரம், பங்குச்சந்தைக் குழு எல்லாவற்றுக்கும் இதே பதில். நேரில் பார்க்காத, போனில் மட்டும் பழகிய 'நண்பர்' பணம் கேட்டால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்; ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

மேடம், நான் பெங்களூரில் இருக்கிறேன். அப்பா திண்டுக்கல்லில், மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், 68 வயது. நாள் முழுக்க டிவி. 'வெளியே போய் நாலு பேரோடு பழகுங்கப்பா' என்றால் கோபம் வருகிறது. (மகன்)

கோபம் வரத்தான் செய்யும் தம்பி. 'பழகு' என்று சொன்னால் எந்த அப்பா கிளம்புவார்? ஆஸ்திரேலியாவில் 1990-களில் 'மென்ஸ் ஷெட்' என்று தொடங்கினார்கள். ஓய்வு பெற்ற ஆண்கள் ஒரு பட்டறையில் கூடி நாற்காலி செப்பனிடுவார்கள், சைக்கிள் பழுது பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்து மனம் திறக்கச் சொன்னால் வாயடைத்துப் போகிறவர்கள், பக்கத்தில் நின்று ஆணி அடிக்கும்போது எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள். இப்போது பல நாடுகளில் நடக்கிறது.

உங்கள் அப்பா கையில் தொழில் இருக்கிறது. தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டு வயரிங்கைப் பார்த்து 'இது ஆபத்து, மாத்துங்க' என்று சொல்ல ஆள் இல்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் ஓடாத மின்விசிறி இருக்கும். நீங்கள் சொல்லாதீர்கள், தலைமை ஆசிரியரோ குடியிருப்போர் சங்கத் தலைவரோ வீட்டுக்கு வந்து 'ஐயா, உங்களால்தான் ஆகணும்' என்று கேட்கும்படி செய்யுங்கள். தூரத்தில் இருந்தபடி போன் போட்டு அந்த ஏற்பாட்டைச் செய்வது உங்கள் வேலை. அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப் போகும் யோசனை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், தெரிந்த நாலு முகமும் அங்கே இருக்காது.

நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்காபரோவில மகளோட இருக்கிறன். சமருக்குப் பரவாயில்லை, பனி தொடங்கினா ஆறு மாதம் வீட்டுக்குள்ளதான். (70)

குளிர்காலத்துக்கான ஏற்பாட்டைச் செப்டம்பரிலேயே செய்துவிட வேண்டும் அம்மா. பனி கொட்டிய பிறகு புது இடத்துக்குப் போக யாருக்கும் மனம் வராது; ஏற்கெனவே பழகிய இடமென்றால் போவோம். டொராண்டோ நூலகக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, சூடான இடம், செலவில்லை. உங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் அங்கே இருக்கிறதா என்று மகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். வருட விழாவோடு நிறுத்தாமல், அதில் உங்கள் வட்டாரத்தில் இருக்கும் இரண்டு பேரைப் பிடித்து வாரம் ஒரு நாள் மாலுக்குள் நடக்கப் போங்கள்.

எங்கள் செட் டீக்கடையில் ஏழு பேர். இப்போது நானும் இன்னொருத்தரும்தான் மிச்சம். இந்த வயசில் புதுசா யாரைச் சேர்ப்பது? (74, மன்னார்குடி பக்கம்)

ஐயா, போனவர்கள் இடத்தில் வைக்க ஆள் கிடைக்காது. அதற்கு நான் வழி சொல்ல வரவில்லை. மிச்சம் இருக்கிற அந்த ஒருவரோடு இன்னும் கூடுதலாக இருங்கள். போனவர்களின் வீட்டுக்கும் போய் வாருங்கள். அப்பாவின் வாலிபக் கதையைச் சொல்ல உங்களை விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார்?

புது ஆட்கள் என்றால் உங்களைவிட இருபது முப்பது வயது குறைந்தவர்கள்தான். அதில் ஒன்றும் குறைவில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பா இல்லையா என்ற பேச்சு வந்தால் உங்கள் கடையில் நாற்பது வயதுக்காரனும் காது கொடுப்பான். எந்த வருடம் தண்ணீர் எப்போது வந்தது, எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உழவன் செயலியை எப்படிப் பார்ப்பது என்பது அவனுக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புத்திமதி மட்டும் வேண்டாம், அவன் கேட்கிறவரைக்கும்.

எனக்குக் கூட்டமே பிடிக்காது. புத்தகமும் பூனையும் போதும் என்று இருக்கிறேன். இது தப்பா? (62, புதுச்சேரி)

தப்பே இல்லை. வயதாக ஆக ஆட்களைக் குறைத்துக்கொண்டு பிடித்தவர்களோடு மட்டும் இருப்பது மனித இயல்பு என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் லாரா கார்ஸ்டென்சன் நெடுங்காலம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். தனியாக இருப்பது வேறு, தனிமையில் தவிப்பது வேறு. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு மயக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? உள்ளூரில் இரண்டு பெயர் உடனே வந்தால் பூனையோடு நிம்மதியாக இருங்கள். வரவில்லை என்றால் அந்த இரண்டு பேருக்கு மட்டும் முயற்சி செய்யுங்கள்.

முதல் நாள் ஒரு குழுவுக்குப் போனால் என்ன பேசுவது? நினைத்தாலே கை நடுங்குகிறது. (60, சிவகாசி)

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பார்கள். முன்னதாகப் போனால் நாற்காலி போடுகிற ஒருவர் மட்டும் இருப்பார். நீங்களும் இரண்டு நாற்காலியைப் பிடித்துப் போடுங்கள். 'எத்தனை வருஷமா வர்றீங்க?' என்று கேளுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். ஒரே ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வந்தால் முதல் நாளுக்குப் போதும்.

மூத்தோர் உதவி எண் கேட்டிருந்தவர்களுக்கு: 14567. கட்டணம் இல்லை, காலை 8 முதல் இரவு 8 வரை. தமிழில் பேசலாம். ஓய்வூதியம், சட்ட உதவி, முதியோர் இல்லம் பற்றிய விவரங்கள் மட்டுமில்லை, மனசு சரியில்லை என்றாலும் பேசுவார்கள். அடுத்த முறை பேரப்பிள்ளை வளர்க்கும் பொறுப்பு பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் இப்போதே நிறையச் சேர்ந்துவிட்டது.